இரண்டு சகலைகளும் ஒரு கேபிளும்

பெரியக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகப் பயந்தார்கள். என் மனைவி கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவளுக்கு நேர் மூத்தவள், நாங்கள் நடுவக்கா என்று சொல்கிறவள், நாளைக்கு நாலு தடவை போன் செய்து, "ஒண்ணுமில்லடி, சும்மாதான்" என்று வைத்தாள். நடுவக்காவின் கணவர், அதாவது என் சகலை, டாக்டர் எந்த வருஷம் எங்கே படித்தார் என்று விசாரிக்கக் கிளம்பினார். நான் ஒரு யோசனை சொன்னேன். என் யோசனைகளுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாய் சும்மா இருப்பதில்லை.

பெரியக்கா மூன்று பேரில் மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். நேரத்துக்கு வருகிற பஸ்களை மெஷினே சொல்லிவிடும். தாமதமாகிற பஸ், தவறவிட்ட பை, அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தை, இதெல்லாம் பெரியக்காவின் இலாகா. "நீலச் சட்டை போட்ட பாப்பா அறிவிப்பு அறையில் பத்திரமாக இருக்கிறாள், பதற்றப்படாமல் வாருங்கள்" என்று அவள் சொன்னால், பாப்பாவைத் தொலைத்தவர்களோடு எதையுமே தொலைக்காதவர்களும் சேர்ந்து கொஞ்சம் நிம்மதியாவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். "சின்ன மாப்ளே, சாப்பாடு ஆறுது" என்று அவள் கூப்பிட்டால் எத்தனாம் நடைமேடை என்று கேட்கத் தோன்றும்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்றார் டாக்டர். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு போகிறதாம். பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம், குரல் இப்படியே இருக்கும் என்று மட்டும் எழுதித் தர முடியாது என்றார். பெரியக்கா தலையாட்டிவிட்டு, லீவு எத்தனை நாள் போடணும் என்று கேட்டாளாம்.

என் யோசனை இதுதான்: ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா பாட்டுகளைப் பதிவு செய்துவிடலாம்.

அப்பா என்றால் இந்த மூன்று பேரின் அப்பா. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். பகலெல்லாம் அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாரும் திருத்த முடியாதபடி தானே பாட்டுக் கட்டுவார். தலை வாரும்போது பாட ஒன்று, காய்கிற துணியை மழைக்கு முன் ஓடி எடுக்க ஒன்று, காணாமல் போன சாவியைத் தேட ஒன்று. மொத்தம் பதினாலு. எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் திருத்தவேண்டி வரும் என்று பயந்திருப்பார். சண்டை வராமலிருக்க, எல்லாப் பாட்டையும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூத்தவள் கேள்வி கேட்பாள். நடுவில் உள்ளவள் பொய் சொல்வாள். கடைக்குட்டியான என் மனைவி உண்மையைச் சொல்வாள்.

சாவி எங்கே போச்சு?
சன்னல் ஏறிப் போச்சு.
அப்பா விரலில் மாட்டிக்கிட்டு
அப்பாவைத் தேடப் போச்சு.

ஒருத்தி பங்கை இன்னொருத்தி பாடமாட்டாள். கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் முழுப் பாட்டையும் பாடச் சொன்னேன். "அது அவ வரிங்க" என்றாள், பீரோவில் அக்கா புடவையைத் தொடச் சொன்ன மாதிரி. ஆக, பெரியக்கா குரல் போய்விட்டால் கேள்வி கேட்க ஆள் கிடையாது. பொய்யும் உண்மையும் கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் லிப்ட் கம்பெனியில் புகார் வாங்குகிற வேலையில் இருக்கிறேன். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்வது என் பிழைப்பு. ஒலிப்பதிவு என் பொழுதுபோக்கு. மழை, அணில், மனைவியின் குறட்டை (ஆதாரத்துக்காக) என்று பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதற்காக ஒரு சவுண்ட் கார்டு வாங்கினேன். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்காருகிற சின்னப் பெட்டி. இரண்டு மைக் மாட்டலாம். நான் வாங்கிய மூன்றாம் மாதம் சகலையும் ஒன்று வாங்கினார். அவர் மவுத் ஆர்கன் வாசிப்பார். என்னுடையதைவிட அது நல்ல பெட்டி என்று அவர் சொல்லவில்லை. அதைத் துடைத்து வைக்கிற விதத்தில் தெரியும்.

மூன்று பேருக்கு மூன்று மைக் வேண்டும். ஒரு பெட்டி போதாது. இரண்டு பெட்டி, இரண்டு லேப்டாப் என்று முடிவானது. இங்கேதான் ஒரு சிக்கல்.

சவுண்ட் கார்டு குரலை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டாக நறுக்கி எண்ணி அனுப்புகிறது. எண்ணுவதற்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு பெட்டி என்றால் இரண்டு கடிகாரம். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி, பார்க்க ஒற்றுமையாக இருக்கும், கணக்கு ஒத்துப்போகாது. அதனால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கேபிள் போட்டு, ஒன்று எண்ண, மற்றது அந்த எண்ணிக்கையையே கேட்டு எண்ணும்படி செய்ய வேண்டும். ஒன்று முன்னால் போகும், மற்றது பின்னால் போகும். பெட்டி முகப்பில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் பின்னால் போகிறது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் தன் கணக்கில் ஓடுகிறது.

எந்தப் பெட்டி முன்னால் போவது என்று நானும் சகலையும் இருபது நிமிஷம் பேசினோம். பேசினோம் என்றுதான் பிறகு வீட்டில் சொன்னோம். கடைசியில் பெரியக்கா, மூத்த மாப்பிள்ளை பெட்டி முன்னால் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். பெரியக்கா மைக்கும் நடுவக்கா மைக்கும் அவர் பெட்டிக்குப் போயின. என் பெட்டிக்கு என் மனைவி வந்தாள். அவள் குரல் எனக்குத் தினமும் கேட்கிறதே, அதற்கு எதற்குப் பெட்டி என்று மனசுக்குள் முனகினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியக்கா வீட்டுப் படுக்கையறை. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. எல்லாம் மாட்டி, என் பெட்டியில் பச்சை எரிவதையும் பார்த்தாகிவிட்டது. அப்போது நடுவக்கா சும்மா இருக்காமல், இந்தக் கேபிள் எதற்கு என்று கேட்டாள். சகலை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சகல ஒண்ணும் பண்ண வேணாம். அவர் பெட்டி பேசாம என் பின்னாடி வந்தா போதும்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். என் மனைவி மற்ற இரண்டு பேரையும்விட ஒரு நொடி கூடுதலாகச் சிரித்தாள்.

சகலை மின்விசிறி நின்றுவிட்டதா என்று அண்ணாந்து பார்த்த நேரத்தில் என் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியது. விரல் அழுத்தியது என்று எழுதுகிறேன், ஏதோ அது தனி ஆள் மாதிரி. நான்தான் அழுத்தினேன். பச்சை போய் மஞ்சள் வந்தது. சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டினால் இரண்டும் பதினொன்றுதானே காட்டுகிறது, என் பெட்டிக்கு எண்ணத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பதிவையும் பிறகு பொருத்துவதற்காக நடுவக்கா ஒரு தடவை கை தட்டினாள். பாட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியக்கா கேள்வி கேட்கும் முன் அவள் இடது தோள் இம்மி அளவு ஏறும். மற்ற இரண்டு பேரும் கண்ணை அந்தத் தோளில் வைத்திருப்பார்கள். தாளம் கிடையாது, ஒன்று இரண்டு மூன்று கிடையாது. தோள் ஏறும், பாட்டு கிளம்பும். நடுவில் சகலை எட்டி வந்து என் பெட்டியை ஒரு பார்வை, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பெட்டி மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு நிமிஷம். எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. கடைசிப் பாட்டு முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியக்கா தண்ணீர் குடித்தாள், டம்ளரை மேஜையில் வைத்தாள். அவ்வளவுதானேடி என்றாள். ஆமாம் அக்கா என்றார்கள். அவள் குரல் அப்போதே கம்மியிருந்தது. மறுநாள் டாக்டர், ஆபரேஷன் வரை இனி பாட்டும் வேண்டாம் பேச்சும் வேண்டாம் என்று கண்டித்துவிட்டார். ஆபரேஷன் வியாழக்கிழமை.

திங்கள்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக இரண்டு பதிவையும் ஒன்றாக வைத்தேன். கைத்தட்டலைப் பொருத்தினேன். முதல் பாட்டு ஓடியது. நான் லேசில் அழுகிறவன் இல்லை. ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். நாலாவது பாட்டில் ஏதோ இடறியது. எட்டாவதில், நடுவக்கா வரியின் வாலை என் மனைவியின் பதில் மிதித்தது. கடைசியாக வந்த சாவிப் பாட்டில், நடுவக்கா பொய்யை முடிப்பதற்குள் உண்மை உள்ளே நுழைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிற மாதிரி இருந்தது.

பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள்.

விஷயம் இதுதான். என் பெட்டி கொஞ்சம் மந்தம். அதே பாட்டை அவர் பெட்டியைவிடக் குறைவாக எண்ணியிருக்கிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் குறைவாக எண்ணியது முன்னால் முடிந்துவிடும். ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள்கூட அவ்வளவு நேரத்தைப் பற்றிப் புகார் சொல்லமாட்டார்கள். ஆனால் மூச்சைப் பார்த்து மூச்சு எடுக்கிற மூன்று பேருக்கு நடுவில் அது ஒரு பெரிய பள்ளம்.

என் மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான் இப்படியா பாடினேன்?" என்றாள்.

நான் எதையோ நிறுத்துவதற்காக வேறெதையோ அழுத்தினேன்.

"முந்திட்டேனா? பெரியக்கா கடைசித் தடவ பாடறா, அப்பவும் நான் அவசரப்பட்டுட்டேனா?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. சின்ன வயசிலிருந்தே தனக்கு அவசரம்தான், அப்பாவும் அதைத்தான் சொல்வார் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ஒரே கரண்டியை அவள் எத்தனை தடவை கழுவினாள் என்று எண்ணவில்லை. என் எண்ணிக்கையின் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு சகலையின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பின்பக்கம் சின்ன அறை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றுகிற கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் வானிலை பற்றிச் சொன்னேன். பிறகு அவருடைய கல் நல்ல கல் என்றேன். அவர் மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: அவர் சொன்னது, இவர்கள் சிரித்தது, நான் அழுத்தியது, பாட்டு நாசமானது.

அவர் லென்ஸைத் துணியில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"மஞ்ச லைட்ட நான் பாத்தேன், சகல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மூணாவது பாட்டு ஓடும்போதே பாத்தேன். சொல்லியிருக்கலாம். நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நாளைக்கு உங்க மூக்கு உடையும்னு ஆசையா இருந்துச்சு" என்றார். லென்ஸை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, "பாட்டு உடையும்னு தோணல."

பத்து வருஷமாக அந்த மனுஷனைத் தெரியும். அவரும் என்னைப் போல ஒரு அற்பன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை மரியாதைதான் இருந்தது. அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் லென்ஸ் இருந்ததால் தப்பித்தார்.

கடைப் பையனிடம் சொல்லிவிட்டு அந்த மேஜையிலேயே என் லேப்டாப்பைத் திறந்தோம். மெஷினில் பொத்தானைத் தட்டி முடிக்கிற வேலையாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் சகலைக்குத் துளித் துளியாக அளக்கிற பழக்கம் உண்டு. ஆரம்பத்தில் கைத்தட்டல் இரண்டு பதிவிலும் இருக்கிறது. அதே மாதிரி கடைசியிலும், இரண்டு பக்கமும் கேட்ட ஒரு சத்தம் வேண்டும் என்றார். அது கிடைத்தால் மொத்த வித்தியாசம் தெரியும், அதை ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கும் பரத்திவிடலாம். தேடினோம். பெரியக்கா டம்ளரை மேஜையில் வைக்கிற 'ணங்'. என் மனைவியின் மைக் அறையின் அந்தக் கோடியில் இருந்தாலும் அதற்கும் கேட்டிருந்தது. இரண்டு ணங்குக்கும் நடுவில் நொடியில் நூறில் முப்பத்தொரு பங்கு. சகலை அதைக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதி அடிக்கோடு போட்டார்.

இப்போது எதை மாற்றுவது என்ற கேள்வி வந்தது. என் பதிவை இழுத்து நீட்டலாம், அல்லது அவருடையதைச் சுருக்கலாம். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தப்பு என்னுடையது, என்னுடையதை இழுக்கிறேன் என்றேன். தன் பெட்டிதான் சரி என்று யார் கண்டது, தன்னுடையதையே சுருக்கலாம் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை யார் முன்னால் போவது என்று அடித்துக்கொண்டவர்கள், யார் வளைவது என்று அடித்துக்கொண்டோம். கடைசியில் பெரியக்கா குரலைத் தொடவேண்டாம் என்பதில் இரண்டு பேரும் நின்றோம். அப்படியென்றால் இழுபடப் போவது என் மனைவியின் குரல்.

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார் சகலை. "கேக்காம இழுத்தா தப்பு."

கேட்பதென்றால் எதற்கு என்று சொல்லவேண்டும். போன் செய்தேன். பொத்தான், மஞ்சள் விளக்கு, மந்தக் கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் நூறு பேரிடம் பதறாதீங்க என்று சொல்கிற வாய் அப்போது நன்றாகப் பதறியது. அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் முந்தலையா?" என்றாள்.

"இல்ல. நீ சரியாத்தான் பாடின. நான்தான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "இழுங்க. எவ்வளவு வேணும்னாலும் இழுங்க" என்றாள். வைப்பதற்கு முன், நான் வீட்டுக்கு வந்ததும் எனக்கு என்னவோ இருக்கிறது என்றாள். அது என்ன என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

இழுத்தோம். ஓடவிட்டோம். கடையின் பின்னறையில், தேய்த்த கண்ணாடித் தூளுக்கு நடுவில், கேள்வி முழுசாக வந்தது. பொய் அதன் பிறகு வந்தது. உண்மை, அழைத்த பிறகு வருகிற விருந்தாளி மாதிரி, கடைசியில் வந்து உட்கார்ந்தது. சகலை கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அது ஒரு வசதி.

புதன்கிழமை மதியம் பெரியக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டு நிமிஷமும் கேட்டாள். நாங்கள் நாலு பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவள் தோள் மட்டும் அவ்வப்போது ஏறியது. அது ஏறும்போதெல்லாம் நடுவக்காவும் என் மனைவியும் தங்களை அறியாமல் மூச்சை இழுத்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா, இந்தக் குடும்பத்துக்கே மூச்சு வியாதி என்று நினைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தும் கம்மிய குரலில், "யாருப்பா இவ, இவ்வளவு அதிகாரமா கேள்வி கேக்கறா" என்றாள். சகலை தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்துவிட்டார், தான் பார்த்தும் சொல்லாததையும் சேர்த்து. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒரே அளவில் ஒவ்வொரு குட்டு வைத்தாள். பாரபட்சம் பார்க்காதவள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியும் நல்ல கட்டிதான். நரம்புதான் கோபித்துக்கொண்டது. மூன்று வாரம் பெரியக்கா சின்ன நோட்டில் எழுதியே பேசினாள். "கவனிக்கவும்: காபியில் சர்க்கரை வரவில்லை." "கவனிக்கவும்: சின்ன மாப்பிள்ளை கொஞ்சம் குறைவாகப் பேசவும்." நாலாவது வாரம் குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை. கனமாக, காற்று கலந்து, கொஞ்சம் மேலே ஏறினால் உடைந்தது. ஆறு மாசத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பஸ் நிலையத்தில் அவளைத் தவறவிட்ட பொருள்கள் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். குடை தேடி வருகிறவர்களை இன்னும் ஒரு தடவை சொல்லுங்கம்மா என்று கேட்கவைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று அவள் நடுவக்காவிடம் சொன்னாளாம். பதிவை நாங்கள் யாரும் அவள் எதிரில் போடவில்லை. தங்கைகள் இரண்டு பேரும் அவளிடம் சத்தமாகப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். குரல் இருப்பதை மறைத்து வைத்துக்கொள்கிற மாதிரி.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரச்சொன்னாள். அதான் நல்லா எடுத்தாச்சே அக்கா என்று என் மனைவி தயங்கினாள்.

"அதுல இருக்கறவ நல்லா பாடறா. பாடட்டும்" என்றாள் பெரியக்கா. "நானும் இருக்கேன்ல."

மறுபடியும் மெத்தை, கம்பளி, வியர்வை. மைக்குகளை வைத்தோம், கேபிளைப் போட்டோம். அந்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டே போயிருந்தேன்: இந்தத் தடவை என் பெட்டி பேசாமல் பின்னால் போகும். பச்சையை எரியவிட்டேன். அது நிலையாக எரியாமல் சிமிட்டியது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். சிமிட்டியது. பதிவுப் பொத்தானை அழுத்தினால் ஓடவே மறுத்தது. எதிர்ப்பக்கம் சகலையும் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவர் பெட்டியிலும் பச்சை சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நான் முன்னால் போகட்டும் என்று அவரும் தன் பெட்டியைப் பின்னால் போக வைத்திருக்கிறார். இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு, எண்ணவே ஆரம்பிக்காமல் நின்றுகொண்டிருந்தன.

மாற்றுங்கள் சகல என்று நான் ஜாடை காட்டினேன். சேச்சே, நீங்களே போங்க என்று அவர் ஜாடை காட்டினார். நான் மஞ்சளுக்கு மாற்றினேன். அதே நேரம் அவரும் மாற்றினார். பதறி இரண்டு பேரும் பச்சைக்குத் திரும்பினோம்.

அதற்குள் பெரியக்காவின் தோள் ஏறிவிட்டது.

மேகம் என்ன சொல்லுது?

மழைத்துணிப் பாட்டு. 'மேகம்' என்பதிலேயே குரல் கரகரத்தது. 'என்ன'வில் உடைந்து நின்றுபோனது. நடுவக்கா வாயில் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. என் மனைவி, எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவள், கையை மடியில் கோத்துக்கொண்டு அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா எச்சில் விழுங்கினாள். இன்னொரு மூச்சு எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து, இன்னும் கீழே இறங்கி, மீதிக் கேள்வியைக் கேட்டு முடித்தாள். பழைய பதிவில் அந்த வரிக்கு ஆகிற நேரத்தைவிட நாலு மடங்கு ஆகியிருக்கும்.

வெயில் வருது சொல்லுது, என்று நடுவக்கா கூசாமல் பொய் சொன்னாள்.

துணியை எடுக்க ஓடுங்கடி
தோளு மேல தூறுது, என்றாள் என் மனைவி.

பாட்டின் மூன்று சுற்றும் அப்படித்தான் போனது. நின்று நின்று, காத்துக் காத்து. நானும் சகலையும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தோம். எந்தச் சுற்றில் எடுத்தோம் என்று நினைவில்லை.

முடிந்ததும் பெரியக்கா எங்களைப் பார்த்து, பதிவாகிவிட்டதா என்று கேட்டாள். நான் சகலையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூத்தவர் என்ற முறையில் அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இல்லக்கா. ரெண்டு பேர் பெட்டியும் ஓடல."

தங்கைகள் இரண்டு பேரும் எங்களைத் திட்ட வாயெடுத்தார்கள். அவள் கையால் அவர்களை அடக்கினாள். முகம் வியர்த்திருந்தது, கண் ஓரம் சிவந்திருந்தது, ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்ப இன்னொரு தடவ பாடணும்" என்றாள்.

சகலை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். நான் கேபிளை நோக்கிப் பாய்ந்தேன்.

"மெதுவா மாப்ளே" என்றாள் பெரியக்கா. "ஒண்ணும் அவசரமில்ல."